அண்ணன் கொடுத்த குச்சி

ஓலக்காட்டூர்ப் பக்கம் பாசனத்துக்கு ஒரு நாள் தண்ணீர் கேட்டால் யோசிக்கிறவர்கள் உண்டு. குச்சி கேட்டால் மட்டும் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியைப் பிடுங்கி முடித்ததும், தலையைக் கழித்துப்போட்ட தண்டுகள் கட்டுக்கட்டாக வேப்பமரத்து நிழலில் நிற்கும். அடுத்த வெள்ளாமைக்கு அதுதான் விதை. தனக்கு வேண்டியது போக மீதியை, வந்து கேட்கிறவருக்குக் கொடுத்துவிட வேண்டும். விலை சொல்லக் கூடாது. வாங்குகிறவர் கட்டைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. உறவுமுறைக்குக் கொடுப்பதென்றால் முதல் கட்டின்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கொடுப்பார்கள். இவ்வளவுதான் வழக்கம். இந்த நல்ல வழக்கத்துக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதன் எவ்வளவு கெடுதல் செய்துவிட முடியும் என்று கேட்பீர்கள். சென்னிமலை செய்தார்.

அவரைக் கெட்டவர் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. கோயிலுக்குக் கொடுப்பார், பந்தியில் கடைசியாக உட்காருவார், ஆள்காரப் பெண்களிடம் குரல் உயர்த்தமாட்டார். அவருடைய ஒரே தங்கை சௌந்திரம். அவள் புருஷன் போர்வெல் லாரியோடு வடக்கே போனவன், அங்கிருந்து பெட்டியில் வந்தான். மகள் சித்ரா அப்போது பால்குடி மறந்த குழந்தை. அப்பா சுப்பையன் சௌந்திரத்தைக் கூட்டிவந்து கீழ்க்காட்டில் ஓர் ஏக்கரைக் காட்டி, பங்காளிகளை வைத்துக்கொண்டு சென்னிமலையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செத்துப்போனார்.

"அவ வெள்ளாம வெக்கற வரைக்கும் கீக்காடு அவளுது. ஒரு வருசம் காடு சும்மா கெடந்துச்சுன்னா, அன்னைக்கே உன்னுது."

இரண்டு பிள்ளைகளுக்கும் நியாயம் செய்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. போகிறவர்கள் இப்படித்தான், சொத்தோடு சேர்த்துச் சண்டையையும் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அன்றிலிருந்து சௌந்திரம் காட்டைச் சும்மா போட்டதில்லை. மழை இல்லாத வருடம் கொள்ளாவது விதைத்தாள். சித்ரா வளர்ந்து நாமக்கல்லில் நர்சிங் படிப்புக்குச் சேர்ந்ததும் அந்த ஏக்கர் போட்ட சோறுதான். ஒரு வருடம் சௌந்திரத்தின் கிழங்கில் மாவுப்பூச்சி விழுந்து நுனியெல்லாம் கருகிப்போயிற்று. நடுவதற்குச் சொந்தக் குச்சி ஒன்றுகூடத் தேறவில்லை.

அதே வருடம் வரப்புக்கு மேலே, அண்ணனின் மேல்காட்டில் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் சோதனை வைத்திருந்தார்கள். தேமல் நோயைத் தாங்கும் புது ரகம். தேமல் வந்தால் இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாகிச் சுருங்கும், கிழங்கு விரல் பருமனோடு நின்றுவிடும். புது ரகத்தை மூன்றடிக்கு மூன்றடி நட்டு, சொட்டுநீர்க் குழாய் இழுத்து, உரத்தைக் குழாய் வழியாகவே விட்டார்கள். நடுநடுவே ஒத்துப் பார்ப்பதற்காகப் பழைய ரகத்தையும் வரிசை வரிசையாக நட்டார்கள். அதில் தேமல் வந்தால் பிடுங்கவும் கூடாது, மருந்து அடிக்கவும் கூடாது. வந்தது. களை வெட்ட வந்த பெண்கள் அதைச் சீக்கு வரிசை என்றார்கள்.

தை மாதம் பிடுங்கினார்கள். புது ரகத்தை இரண்டு ஆள் அசைத்துத் தூக்க வேண்டியிருந்தது. சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்துபோகும் ஜெனிட்டா என்ற பெண்தான் நிலையத்தின் சார்பில் சோதனையைப் பார்த்துக்கொண்டவள். தொப்பியும் முழுக்கைச் சட்டையுமாக வெயிலில் நின்று ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாக எடை போட்டாள். அன்று மதியம் காட்டிலேயே கிழங்கு வேகவைத்து, பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் தட்டிப்போட்டு எல்லோருக்கும் கொடுத்தார்கள். சௌந்திரமும் வரப்பில் உட்கார்ந்து தின்றாள்.

"மாவாட்டக் கரையுதுங்க நங்கையா" என்று அண்ணன் மனைவி கண்ணாத்தாளிடம் சொன்னாள். அண்ணியை நங்கையா என்பது அந்தப் பக்கத்து முறை.

"தின்னு அம்மிணி, நெம்ப எளைச்சுப் போயிட்ட" என்று கண்ணாத்தாள் இன்னும் இரண்டு துண்டு வைத்தாள்.

புதுசுக்கும் பழசுக்கும் தண்டில் வித்தியாசம் தெரியாது. தோலும் ஒன்று, கணுவும் ஒன்று. இலை கொட்டித் தலை கழித்த பிறகு, நோய் உள்ளதா இல்லாததா என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. அதனால் ஜெனிட்டா புது ரகக் குச்சிகளின் நுனியில் நீலப் பெயிண்டும், சீக்கு வரிசைக் குச்சிகளின் நுனியில் சிவப்புப் பெயிண்டும் அடிக்கச் சொன்னாள்.

"ஐயா, நீலத்த வச்சு மேல்காடு முழுக்க நடுங்க. அத விதைக்காடா எடுத்துக்கறோம். பரிசோதனையில பாஸ் ஆச்சுன்னா உங்க குச்சிதான் இந்த ஒன்றியம் பூராவும் போகும். சிவப்ப மட்டும் இன்னைக்கே எரிச்சுடணும். ஒண்ணுகூட வெளிய போயிடக் கூடாது."

"இதச் சொல்லோணுமுங்களா? எரிச்சுப்போடறேன்" என்றார் சென்னிமலை.

அவள் ஸ்கூட்டர் தார்ரோட்டில் ஏறியதும் சௌந்திரம் வந்தாள்.

"அண்ணா, எனக்குச் சொந்தக் குச்சி இல்லீங்க. உங்க குச்சி குடுத்தீங்கன்னா மாசி பொறந்ததும் ஊனிப்போடுவேன்."

"கேக்கோணுமா அம்மிணி? நாளைக்கு வந்து எடுத்துக்க."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கண்ணாத்தாள் பேச்சை எடுத்தாள். அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சோற்றில் நெய் விட்டுக்கொண்டே கேட்டாள்.

"நீலக் கட்டுல எத்தன குடுக்கறதுங்க?"

"நீலத்துல ஒண்ணயும் தொடாத. அத்தனையும் விதைக்காட்டுக்கு வேணும்."

"அப்பறம்?"

அவர் வாயில் சோற்றோடு மோட்டார் ரூம் பக்கமாகத் தாடையை ஆட்டினார். சிவப்புக் கட்டுகள் அதன் பின்னால் கிடந்தன.

"ஏனுங்க, அது எரிக்கோணும்னு அந்தப் புள்ள படிச்சுப் படிச்சுச் சொல்லீட்டுப் போச்சே."

"எரிச்சமா குடுத்தமான்னு ஆரு கண்டா?"

"தேமல் குச்சிங்க. நட்டா ஒரு வேளை வேவிச்சுத் திங்கக்கூடக் கெழங்கு எறங்காது."

"எறங்காட்டி உழுது ஓட்டிப்போடுவா. ஓட்டுனா, மறுக்கா வெதைக்க அவகிட்ட என்ன இருக்குது? காடு சும்மா கெடக்கும். அப்பன் சொன்னது சொன்னபடி ஆகும். நான் என்ன அவள அடிச்சா தொரத்தறேன்? குச்சி கேட்டா, குடுக்கறேன். இல்லேன்னு சொன்னாத்தான் பாவம்."

கண்ணாத்தாள் நெய்க்கிண்ணத்தை மூடி வைத்தாள். அவள் புருஷனுக்குப் பயந்து செய்தாள் என்று சொல்லித் தப்பவிட எனக்கு மனமில்லை. அவளுக்கு அவரிடம் பயமே கிடையாது. மேல்காட்டில் மாடி வீடு கட்ட வேண்டும் என்பது அவளுடைய பல வருட ஆசை. தார்ரோட்டுக்குப் போகிற வழி கீழ்க்காட்டில்தான் இருந்தது. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, "நுனிச் சாயம் தெரியுமுங்களே" என்றாள்.

"வெட்டிப்போடு."

விடிந்ததும் அவளே கொடுவாள் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு குச்சியின் சிவப்பு நுனியையும் சீவித் தள்ளினாள். கட்டிவைத்து, முதல் கட்டின்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். சௌந்திரம் வந்தபோது, "எடுத்துக்க அம்மிணி. நல்லா வரும்" என்று சொல்லித் தலைச்சுமைக்குக் கையும் கொடுத்தாள். அந்த ஒரு வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சௌந்திரம் கட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை. தலையில் வைத்து நடந்தாள்.

மாசியில் அம்மாவும் மகளும் நட்டார்கள். சித்ரா விடுமுறைக்கு வந்திருந்தாள். குச்சியைச் சாண் சாணாக நறுக்கிக் கொடுக்க, சௌந்திரம் மண் அணைத்த பாரில் கணு மேல்பார்த்தபடி ஊன்றிப் பெருவிரலால் மண்ணை அமுக்கிக்கொண்டே போனாள். சோதனைக்காட்டில் பார்த்த மாதிரியே மூன்றடிக்கு மூன்றடி. குழாய்க்கு வழியில்லாததால் அண்ணன் கிணற்றுத் தண்ணீரை முறை வாங்கி வாய்க்காலில் விட்டாள். சாயங்காலம் குனிந்த இடுப்பை நிமிர்த்த முடியாமல் வரப்பில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "இந்த வருசம் தப்பிச்சம் சாமி. உம்பட கடைசி வருசப் படிப்புக்கு ஆர்கிட்டயும் போய் நிக்க வேண்டியதில்ல" என்றாள்.

முளை வந்தது. முதல் இரண்டு இலை விரியும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு செடியில் இல்லை, இரண்டு செடியில் இல்லை. இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை ஒவ்வொரு முளையும் மஞ்சளோடி, சுருங்கி, முறுக்கிக்கொண்டு வந்தது. அவள் ஒவ்வொரு பாராக நடந்தாள். கிணற்றோர வரிசையில் ஒரு குச்சி மண்ணுக்கு மேல் தலை நீட்டி நின்றது. அதன் நுனியில் சிவப்பு. கண்ணாத்தாள் சீவாமல் விட்ட ஒன்று. அதைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டாள். அழவில்லை. வீட்டுக்குப் போய்ச் சோறாக்கி, கூப்பிட்டு மகளுக்குப் போட்டு, தானும் தின்றாள்.

சித்திரை வெயிலில் ஜெனிட்டா விதைக்காட்டைப் பார்க்க வந்தாள். மேல்காடு கண்ணுக்குக் குளிர்ச்சியாக நின்றது. அப்படியே வரப்புக்குக் கீழே பார்த்தவள் தொப்பியைக் கழற்றிவிட்டாள். இறங்கிப்போய் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சென்னிமலையும் பின்னாலேயே இறங்கினார். சௌந்திரம் களைக்கொத்தோடு நிமிர்ந்தாள்.

"அக்கா, இது வெள்ளை ஈ கொண்டுவந்தது இல்ல. ஈ கொண்டுவந்தா மேல் இலையிலதான் முதல்ல தெரியும். இதுல அடி இலையில இருந்தே இருக்கு. குச்சியிலயே வந்திருக்கு. யார்கிட்ட வாங்குனீங்க?"

சென்னிமலையின் முகத்தில் இரத்தமே இல்லை. துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். சௌந்திரம் அவரை ஒரு நிமிடம் நிதானமாகப் பார்த்தாள்.

"ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி மில்லுக்காரங்ககிட்டங்க. லாரியில வந்துச்சு" என்றாள்.

"ஐயோ, பக்கத்துலயே அண்ணன் வச்சிருக்கறப்ப..."

"புத்தி இல்லீங்களே அம்மிணி எனக்கு."

ஜெனிட்டா உச்சுக்கொட்டினாள். பிறகு சென்னிமலையைப் பார்த்தாள். "ஐயா, விதைக்காட்டுக்கு இவ்வளவு பக்கத்துல தேமல் இருக்கக் கூடாது. ஐப்பசியில எங்க பெரியவர் வந்து பார்ப்பார். அதுக்குள்ள இத எடுத்துடணும். இல்லேன்னா விதைன்னு சான்று அட்டை கட்டமாட்டாங்க."

"எம்பட ரகந்தான் நோயத் தாங்குமுங்களே?"

"தாங்குற ரகம் ஐயா. வராத ரகம் இல்ல. உள்ள வச்சுக்கிட்டு வெளிய காட்டாம நிக்கலாம். அதான் பயம்."

அவள் போனதும் சென்னிமலைக்குக் கண் கலங்கியதாகவே சொல்கிறார்கள். கூடப்பிறந்தவள் காட்டிக்கொடுக்கவில்லை. அன்று சாயங்காலமே கீழ்க்காட்டுக்கு வந்தார். டிராக்டருக்குச் சொல்லிவிட்டே வந்திருந்தார்.

"அம்மிணி, நீ பெரிய மனசு பண்ணீட்ட. நாளைக்கே டிராக்டர் வருது. ஓட்டிப்போட்டுச் சோளம் வெதைச்சுக்க. வெதையும் நான் குடுக்கறேன், ஒழவும் எம்படது. காடு சும்மா கெடந்துச்சுன்னு நான் கேக்கவே மாட்டேன், போதுமா?"

சௌந்திரம் வாய்க்கால் மடையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். தேமல் பிடித்த பாரில் தண்ணீர் ஏறியது.

"எதுக்குங்கண்ணா ஓட்டோணும்?"

"பாத்தா தெரியல? இது ஒண்ணுக்கும் ஆகாது."

"அண்ணன் குடுத்த குச்சிங்க. நங்கையா மஞ்சத்தண்ணி தெளிச்சுக் குடுத்தது. அத எப்படீங்க ஓட்டறது?"

மடியிலிருந்து அந்தச் சிவப்பு நுனிக் குச்சியை எடுத்து வரப்பில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார்.

"அப்பறம் எதுக்கு அந்தப் புள்ளகிட்ட மில்லுன்னு சொன்ன?" என்றார்.

"சொல்லியிருந்தா இன்னைக்கே உங்க காட்ட விதைக்கு ஆகாதுன்னு தள்ளியிருப்பாங்க. நீங்களும் ஓட்டிப்போட்டு நெலக்கடலை போட்டுட்டு மறந்துபோயிருப்பீங்க. ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும்." தண்ணீரில் நின்ற காலை மாற்றி வைத்தாள். "உங்க வெள்ளாம நல்லா வரோணும். நெறைய வரோணும். நீங்க தெனமும் வந்து அதையும் பாக்கோணும், இதையும் பாக்கோணும். ஐப்பசி வரைக்கும் பாருங்க."

"சௌந்திரம், வேண்டாம். நான் தண்ணிய நிறுத்திப்போடுவேன்."

"நிறுத்துங்க. தேமலுக்குத் தண்ணி எதுக்கு? அது காயாது."

கண்ணாத்தாளும் வந்தாள். தூக்குப்போசியில் கறிக்குழம்பு கொண்டுவந்து, காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சௌந்திரம் போசியை வாங்கிக்கொண்டாள். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொன்னாள்.

இந்தக் கதையில் கோபப்பட உரிமை உள்ளவள் சௌந்திரம் ஒருத்திதான் என்று அதுவரை நானும் நினைத்திருந்தேன். ஆடியில் சித்ரா வந்தாள். கல்லூரியில் கூப்பிட்டுக் கேட்டுவிட்டார்கள், கடைசி வருடத்துக்குச் சேரப்போகிறாயா இல்லையா என்று.

"அம்மா, மாமன்தான் சோளம் வெதைச்சுத் தாரேங்கறாங்கள்ல? ஓட்டிப்போடலாம்மா. சோளம் வந்தா மாட்டுக்குத் தட்டும் இருக்கு, ரெண்டு எருமை புடிச்சாக்கூட நான் படிச்சு முடிச்சிருவேன்."

"உனக்குத் தெரியாது. போ."

"எனக்குத் தெரியும். மாமன் செஞ்சது தப்பு. கொல்லலாம்போல இருக்குது எனக்கும். ஆனா, இன்னும் ஒரு வருசந்தாம்மா. ஒரே வருசம். அப்பறம் நீ இந்தக் காட்டுல என்ன வேணும்னாலும் நட்டுக்க."

"ஒரு வருசம் படிக்காட்டிச் செத்துப்போயிருவியா?"

சித்ரா அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. ஆவணியில் பக்கத்துக் கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கும் வேலைக்குப் போனாள். விடியாத நேரத்தில் வேன் வரும். வெள்ளை யூனிபாரம் போட வேண்டியவள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கூண்டு வரிசைகளுக்கு நடுவே தட்டுத்தட்டாக முட்டை அடுக்கினாள். வீட்டுக்கு வந்தால் எவ்வளவு குளித்தாலும் கோழி எச்சத்தின் நெடி போகாது. சௌந்திரம் அவளுக்குச் சீயக்காய் கரைத்துக் கொடுப்பாள். பெற்ற மகளைத் தன் கோபத்துக்கு விறகாக வைத்தவள் அவள். நான் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

ஐப்பசியில் கொல்லிமலைப் பக்கமிருந்து மழை பிடித்து விடாமல் பெய்தது. மேல்காடு ஆள் உயரம் தாண்டி நின்றது. சென்னிமலை தினமும் வரப்புக்கு வந்து பார்த்துப் பார்த்து எலும்பாகிவிட்டிருந்தார். அவர் ஒரு தடவை ராவோடு ராவாக ஆள்விட்டுக் கீழ்க்காட்டைப் பிடுங்கவும் பார்த்தார். சௌந்திரம் காட்டிலேயே சாக்கு விரித்துப் படுத்திருந்தாள். வந்த ஆட்கள் சும்மா திரும்பிவிட்டார்கள்.

நிலையத்துப் பெரியவர் ஜீப்பில் வந்தார். மேல்காட்டைச் சுற்றி, "அருமையா பண்ணியிருக்கீங்க" என்றார். வரப்புக்கு வந்ததும் நின்றார். ஜெனிட்டா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏம்மா, இத எடுக்கச் சொன்னாங்களே?"

"வயித்துப் பொளப்புங்க" என்றாள் சௌந்திரம். "பொம்பளையா இருந்து வெச்ச வெள்ளாம. எடுத்துட்டா எங்கப்பன் சொன்ன வார்த்தைப்படி இந்தக் காடு எனக்கில்லீங்க. எங்கண்ணனக் கேளுங்க, அது பொய்யான்னு."

பெரியவர் சென்னிமலையைப் பார்த்தார். அவர் என்ன சொல்வார்? பொய் என்றால் பங்காளிகள் சிரிப்பார்கள். குச்சி என்னுடையது என்றால் ஊரே காறித் துப்பும். "நெசந்தானுங்க" என்றார். ஜீப் திரும்பிப் போயிற்று. அட்டை கட்டவில்லை.

தையில் மேல்காட்டைப் பிடுங்கினார்கள். கிழங்கு மில்லுக்குப் போனது. குச்சி வேப்பமரத்தடியில் மலையாக நின்றது. விதை என்று பேர் கிடைக்காத குச்சி வெறும் குச்சிதானே. ஊர் வந்தது. கயிறு கொண்டுவந்து, "சென்னிமலையண்ணா, குச்சி குடுங்க" என்று கேட்டுக் கேட்டு அள்ளிக்கொண்டு போனது. அவரால் ஒருத்தருக்கும் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஒன்றியம் முழுக்கப் போக வேண்டிய குச்சி ஊருக்கு ஓசியாகப் போயிற்று.

சௌந்திரம் மட்டும் கேட்க வரவில்லை. அவளுக்காக அவரே நல்ல கட்டாக ஒன்று கட்டி எடுத்து வைத்திருந்தார். கடைசியில் கண்ணாத்தாளிடம் சொல்லி மஞ்சள் தண்ணீர் தெளித்து, தோளில் சுமந்துகொண்டு தானே கீழ்க்காட்டுக்கு இறங்கினார். அவள் தன் காட்டைப் பிடுங்கி முடித்திருந்தாள். விரல் விரலாகக் கிழங்கு ஒரு கூடைகூட இல்லை. தேமல் தண்டுகளை நறுக்கிச் சாண் சாணாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இத எதுக்கு நறுக்கற?" என்றார்.

"நடறதுக்குங்க."

அவர் கட்டை இறக்கி வைத்தார். "நல்ல குச்சி அம்மிணி. செத்துப்போன அப்பன் மேல சத்தியமா நல்ல குச்சி. இத நடு. பொண்ணு அடுத்த வருசமாச்சும் படிக்கட்டும். எனக்கு இந்தக் காடு வேண்டாம். ஒண்ணும் வேண்டாம்."

"வெச்சுட்டுப் போங்கண்ணா" என்றாள் அவள், நிமிராமல்.

சாயங்காலம் சித்ரா வேனில் வந்து இறங்கினாள். அம்மா கொண்டுவந்து வாசலில் போட்டிருந்த கட்டைப் பார்த்ததும் மூக்குத்துணியை அவிழ்த்தாள். மஞ்சள் ஈரம் இன்னும் காயவில்லை. பக்கத்தில் குந்தி ஒரு குச்சியை உருவிக் கணுவைத் தடவிப் பார்த்தாள். பல நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு தெளிச்சல் வந்தது.

"அம்மா, மாமன் குடுத்தாங்களா? நல்ல குச்சியாம்மா?"

சௌந்திரம் வெந்நீர் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கட்டை இழுத்துக் கயிற்றை அறுத்தாள். ஒரு கை அள்ளி முட்டியில் வைத்து முறித்து அடுப்பில் செருகினாள்.

"ஆரு கண்டா" என்றாள்.

சித்ரா கையில் இருந்த ஒன்றை மட்டும் கொடுக்காமல் வைத்திருந்தாள். அம்மா கையை நீட்டினாள். நீட்டிய கையை மடக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு சித்ரா அதையும் கொடுத்தாள்.